ஒன்றேகால் மீட்டருக்கு மேல்

மார்லீஸ் ஊலிக் இளம் வயதிலேயே கிரேன் ஏறியவர். சாக்சனி மலையோரத்தில் எங்கள் ஊருக்குக் கீழே இப்போது பர்னிச்சர் கடையாக இருக்கும் கட்டடம் அந்தக் காலத்தில் இரும்பு வார்க்கும் தொழிற்சாலை. அதன் கூரைக்கடியில் ஓடிய கிரேனின் கூண்டில் உட்கார்ந்து, காய்ச்சிய இரும்புத் தொட்டிகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவது அவருடைய வேலை. மேலிருந்து பார்த்தால் ஆண்களின் உச்சந்தலை மட்டும்தான் தெரியும் என்பார். எவனுக்கு எப்போது வழுக்கை விழத் தொடங்கியது என்பது அவன் மனைவிக்கும் முன்பே தனக்குத் தெரிந்துவிடுமாம். லோட்டாரைத் தேர்ந்தெடுத்ததும் அப்படித்தானாம். தொழிற்சாலையிலேயே அடர்த்தியான தலை அவருடையது.

கிழக்கையும் மேற்கையும் பிரித்த சுவர் இடிந்து, நாடு ஒன்றாகி, தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு மார்லீஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்து ஓய்வுக்கு வந்து சேர்ந்தார். கூண்டிலிருந்து அவர் எல்லோரையும் பார்த்தார், அவரை யாரும் பார்த்ததில்லை. அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. போட்டோ எடுக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

லோட்டார் நேர் எதிர். சுரங்கத் தொழிலாளர் பேண்டு வாத்தியக் குழுவில் டியூபா வாசிப்பவர். கறுப்புச் சீருடை, இறகு வைத்த தொப்பி, தோளில் சுற்றிய பெரிய பித்தளைக் குழல். கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் அவர் கன்னம் உப்புவதைப் பார்க்கவே பிள்ளைகள் ஓடி வருவார்கள். தெருவில் இறங்கினால் கைகுலுக்காமல் யாரும் விட மாட்டார்கள். லோட்டாரோடு கடைக்குப் போனால் வீடு வருவதற்குள் பால் தயிராகிவிடும் என்று மார்லீஸ் சலித்துக்கொள்வார்.

அவர்களுக்கு ரயில்பாதைக்கு மேலே சரிவில் தோட்டச் சங்கத்தில் ஓர் இடம் இருந்தது. எதிரே வழிக்கு இந்தப் பக்கம் எனக்கு ஓர் இடம். ஒவ்வொன்றிலும் ஒரு மரக்குடில், ஓர் ஆப்பிள் மரம், கிழங்குப் பாத்தி. சங்கத்தின் சட்டங்களில் எல்லோருக்கும் மனப்பாடமானது ஒன்றுதான்: வழியோர உயிர்வேலி ஒன்றேகால் மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நடந்து போகிறவர் உள்ளே எட்டிப் பார்த்து வணக்கம் சொல்ல முடிய வேண்டும். நிலம் சங்கத்துடையது, யாரும் ஒளிந்துகொள்வதற்கு இல்லை. சேர்ந்த முதல் வருஷத்திலிருந்து இன்றுவரை நான் டேப் வைத்து என் வேலியை அளந்துகொண்டேதான் இருக்கிறேன். அவர்கள் மொழியிலேயே படித்து, அவர்கள் மொழியிலேயே கனவு கண்டாலும், வெளிநாட்டான் வேலி ஒரு விரல் உயர்ந்தாலும் தெரியும் என்பது என் பயம்.

லோட்டாருக்குப் பக்கவாதம் வந்தது ஒரு ஜனவரியில். வலது பக்கம் முழுவதும் போயிற்று. முகம் ஒருபுறம் தொங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வீடு திரும்பியபோது அவரிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். ஆமா. அதையும் இரண்டிரண்டாகத்தான் சொல்வார். பசிக்கிறதா? ஆமா ஆமா. பசிக்கவில்லையா? ஆமா ஆமா. கோபத்திலும் அதே சொல், சிரிப்பிலும் அதே சொல், கெஞ்சலிலும் அதே. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். மனசுக்குள் எல்லாம் இருக்கிறது, வாய்க்கு வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்றார்.

அந்த வருஷம் சங்கத்தின் கோடைத் திருவிழாவுக்கு மார்லீஸ் அவரை அழைத்துப் போனார். பேண்டு வாசித்தது. கூட வாசித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தோளைத் தட்டினார்கள். பட்டாணி சூப் கொடுத்தார்கள். இடது கையால் குடிக்க முயன்று, பாதி வாயிலும் பாதி சட்டையிலுமாக லோட்டார் நிமிர்ந்தபோது, டிராம்போன்காரரின் மனைவி அவரைப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே, நம்ம லோட்டாரா இது என்று உரக்க அழ ஆரம்பித்துவிட்டாள். மார்லீஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பி, பாட்டு முடியும் முன்பே வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"சிரிச்சிருந்தாக்கூட விட்டிருப்பேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார். "அழுதா பாரு, அதை நான் மன்னிக்க மாட்டேன். இனிமே இவனை யாரும் இப்படிப் பாக்கக் கூடாது."

அதை லோட்டாரிடமும் சொன்னார். லோட்டார் ஆமா ஆமா என்றார்.

அப்படித்தான் வேலி ஆரம்பித்தது. முதலில் தோட்டக்கடையில் தொட்டியோடு விற்ற, பளபளவென்று இலை மின்னும் ஏதோ லாரல் செடிகளை வாங்கி வழியோரம் நட்டார். வருஷம் முழுக்கப் பச்சை என்று விற்றவன் சொன்னான். அடுத்த பிப்ரவரியில் மைனஸ் இருபதுக்கும் கீழே போய், பகலில் வெயிலும் சுள்ளென்று அடித்தது. ஏப்ரலில் பார்த்தால் வேலி முழுவதும் அடுப்பில் காட்டிய காகிதம் மாதிரி கருகி நின்றது. மார்லீஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டத்திலிருந்து ரைனர் மெல்ட்ஸர் எட்டிப் பார்த்தார்.

ரைனர் லோட்டாரோடு பேண்டில் கொம்பு வாசித்தவர், பள்ளிக்கூடத்திலிருந்தே தோழர். எங்கள் வழிக்குச் சங்கத்தின் பொறுப்பாளரும் அவர்தான். லோட்டாரோடு அத்தனை நெருக்கமாக இருந்தும் மார்லீஸிடம் நீங்க, வாங்கதான். இங்கே அப்படித்தான். இருவரும் சேர்ந்து ஒரு கோப்பை உயர்த்திப் பெயர் சொல்லிக்கொள்ளும்வரை, வாழ்நாள் முழுக்கப் பக்கத்து வீடாக இருந்தாலும் மரியாதைதான்.

"இத்தாலிக்காரன் வாசல்ல வைக்கிற செடிங்க இது, ஊலிக் அம்மா" என்றார் ரைனர். "நம்ம ஊரு பிப்ரவரியப் பத்தி இதுக்கு என்ன தெரியும்? லிகுஸ்டர் வைங்க. வெட்டினாலும் வரும், உறைஞ்சாலும் வரும்."

லிகுஸ்டர் என்பது இங்கே பழைய வீடுகளைச் சுற்றி எங்கு பார்த்தாலும் நிற்கிற செடிதான். சின்ன, கரும்பச்சை இலை. குளிரில் லேசாக ஊதா ஏறுமே தவிர, நல்ல ரகமாக இருந்தால் இலை உதிராது. மேல் பள்ளத்தாக்கில் எங்களைவிடக் குளிரான ஒரு நாற்றங்காலில் வளர்த்த கன்றுகளை ரைனரே போய்க் கட்டுக்கட்டாக வாங்கி வந்தார். அக்டோபர் மாதம். மண் இல்லாமல் வெறும் வேரோடு, துடைப்பக் குச்சி மாதிரி இருந்தன. ராத்திரி முழுவதும் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் ரைனர் கால்வாய் வெட்ட, மார்லீஸ் வேரைப் பிரித்து வைத்து மண்ணை மிதிக்க, லோட்டார் மடியில் கன்றுக்கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நானும் இரண்டு வண்டி மக்கு உரம் தள்ளினேன்.

நட்டு முடித்துப் பொரித்த சாசேஜ் சாப்பிட்டுவிட்டு, ரைனர் பையிலிருந்து மூலிகைச் சாராயம் எடுத்தார். அன்றுதான் இருவரும் கோப்பையை உயர்த்தி, மார்லீஸ், ரைனர் என்று பெயர் சொல்லி நீ, வாவுக்கு வந்தார்கள். வந்த கையோடு ரைனர் பெரிய கத்தரியை எடுத்து, நட்ட கன்றுகளைப் பாதிக்குப் பாதி வெட்டத் தொடங்கினார். மார்லீஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பதானே நட்டோம், அதுக்குள்ள தலைய வாங்குறியே?"

"இப்ப வெட்டலைன்னா மேல மட்டும் ஓடும், கீழே வழுக்கை விழும். வழுக்கையப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா?"

மார்லீஸ் சிரித்துவிட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வேலி வளர்ந்தது. வருஷத்துக்கு ஒரு முழம், நல்ல மழை இருந்தால் இன்னும் கொஞ்சம். கீழே அகலமாகவும் மேலே ஒடுக்கமாகவும் வெட்ட மார்லீஸ் கற்றுக்கொண்டார். அப்படி வெட்டினால்தான் அடி இலைக்கு வெயில் போகும், அடியிலிருந்தே அடர்த்தியாக வரும், நாய்கூட மூக்கை நுழைக்க முடியாது. குனிந்து ஓட்டை தேடுவார். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஒரு கிளையை வளைத்துக் கட்டுவார். கத்தரியை எடுத்து வரும்போதெல்லாம் லோட்டார் அதற்குக் கை நீட்டுவார். விரலை வெட்டிக்கொள்ளப் போகிறார் என்று மார்லீஸ் அதை எட்டாத இடத்தில் வைப்பார்.

ஜூன் இருபத்துநாலு புனித யோவான் நாள். அதையொட்டி எங்கள் சரிவில் எல்லா வேலிக்கும் முடிவெட்டு. இயந்திரக் கத்தரிகளின் சத்தம் குளவிக்கூடு கலைந்த மாதிரி இருக்கும். மார்லீஸ் மட்டும் கத்தரியைத் தொட மாட்டார். லிகுஸ்டர் கிளை நுனியில் பூக்கும். ஜூனில் நுனியை வெட்டினால் அந்த வருஷம் பூ இல்லை. வெட்டாமல் விட்டால் மாதக் கடைசியில் வேலி முழுவதும் வெள்ளைக் கொத்துகள். அந்த வாசனை சிலருக்குத் தலைவலி, தேனீக்களுக்குத் திருவிழா. எனக்கு அது மரமல்லிக்கும் புளித்துப்போன தேனுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. பூ கொட்டிய பிறகு ஜூலைக் கடைசியில் மார்லீஸ் லேசாக ஓரம் தட்டுவார். உயரத்தைத் தொட மாட்டார். மூன்றாம் வருஷமே வேலி என் தலைக்கு மேல்.

ஒவ்வொரு ஜூனிலும் சங்கத் தலைவரும் நிர்வாகிகளும் அளவுகோலோடு வழிவழியாக நடந்து வருவார்கள். கோல் ரைனர் கையில்தான் இருக்கும். என் வேலியில் அதை வைத்து, குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். எதிர்ப் பக்கம் மார்லீஸின் வேலி வரும்போது அவருக்குக் கட்டாயம் இருமல் வந்துவிடும். இருமிக்கொண்டே உருளைக்கிழங்கு வண்டைப் பற்றி ஏதாவது கேட்பார். தலைவர் பதில் சொல்வதற்குள் கூட்டம் அடுத்த வேலிக்குப் போயிருக்கும். "உன் வேலி என் பொறுப்பு" என்று ரைனர் சொல்லியிருந்தார். மார்லீஸ் அவருக்கு வருஷாவருஷம் ஆப்பிள் கூழ் காய்ச்சிக் கொடுப்பார்.

வேலிக்கு உள்ளே அவர்கள் வாழ்க்கை. காலையில் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். மதியம் ஊட்டுவார், துடைப்பார், தூங்கவைப்பார். எனக்கு அனுமதி உண்டு, ரைனருக்கு உண்டு, வேறு யாருக்கும் இல்லை. வழியில் யாராவது பேசிக்கொண்டு போனால் லோட்டார் தலையைத் திருப்புவார். அவர் பயப்படுகிறார் என்று மார்லீஸ் நாற்காலியை இன்னும் உள்ளே, ஆப்பிள் மரத்தைப் பார்த்தபடி திருப்பி வைப்பார். "யாரும் இல்லடா, போயிட்டாங்க" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்கும். "ஆமா ஆமா" என்பதும் கேட்கும்.

ஐந்தாம் வருஷம் மார்லீஸின் முழங்கால் கைவிட்டது. அறுவை சிகிச்சை, அதன் பிறகு வேறு ஊரில் மூன்று வாரம் உடற்பயிற்சி விடுதி. தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். லோட்டாரைத் தற்காலிகமாக முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். தினமும் மதியம் அங்கிருந்து தோட்டத்துக்கு அழைத்து வந்து சாயங்காலம் திரும்ப விடுவது தன் வேலை என்றார் ரைனர். ஜூன் மாதம், மொட்டு கட்டியிருந்த நேரம். மார்லீஸ் குடில் சாவியை அவர் கையில் வைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பூ கொட்டும்வரை வேலியில் கை வைக்காதே. ரைனர் தலையாட்டினார்.

அந்த மாதம் நான் உறவுக்காரர் கல்யாணத்துக்காக லண்டன் போயிருந்தேன். திரும்பி வந்த மறுநாள் மார்லீஸை விடுதியிலிருந்து என் காரில் அழைத்து வரும் வேலை எனக்கு. வீட்டுக்கு வேண்டாம், நேராகத் தோட்டத்துக்குப் போ என்றார். வழிமுனையில் வண்டியை நிறுத்தி, ஊன்றுகோல்களை எடுத்துக் கொடுத்தேன். நாலடி நடந்தவர் நின்றுவிட்டார். பூ வாசனை வரவில்லையே என்றார். இன்னும் கொஞ்சம் நடந்ததும் இருவருக்கும் தெரிந்தது.

வேலி இல்லை. அதாவது இருந்தது, என் நெஞ்சு உயரத்துக்கு. மேலே வெட்டுப்பட்ட வெளிறிய தண்டுகள், அவற்றுக்கு மேல் வெறும் ஆகாயம். உள்ளே ஆப்பிள் மரம், மேஜை, சக்கர நாற்காலி எல்லாம் தெருவில் வைத்த மாதிரி தெரிந்தன. லோட்டார் வழியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், மோவாயில் கேக் துணுக்கு. வேலிக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் முழங்கையை அதன் மேல் ஊன்றி அவரிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மார்லீஸைக் கண்டதும் கதையை நிறுத்தி, வணக்கம் சொல்லி, நழுவினார்கள்.

எனக்கு முதலில் தோன்றியது, இனி என் வேலியை அளக்க வருவார்கள் என்பதுதான். அப்படி ஒரு புத்தி.

மார்லீஸ் உள்ளே போய் முதலில் லோட்டாரின் மோவாயைத் துடைத்தார். பிறகு நாற்காலியை மரத்தின் பக்கம் திருப்பினார். கிணற்றுப் பம்புக்கு அருகில் நின்ற ரைனரைப் பார்த்தார்.

"யாரு?"

"நான்தான்" என்றார் ரைனர். "சங்கத்துல கேள்வி வந்துடுச்சு, மார்லீஸ். இந்தத் தடவை இருமினாப் போதல. உனக்கு முடியாத நேரத்துல எதுக்குச் சொல்லணும்னு..."

மார்லீஸ் ஊன்றுகோலை ஊன்றி நிமிர்ந்தார். பிறகு மிகத் தெளிவாக, வங்கியில் பேசுகிற மாதிரி பேசினார்.

"என் குடில் சாவியக் குடுங்க, மெல்ட்ஸர். இனிமே நீங்க இங்க வர வேண்டாம்."

ஒருமுறை கொடுத்த நீ, வாவை இங்கே யாரும் திரும்ப வாங்குவதில்லை. ரைனர் முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. சாவியை மேஜையில் வைத்துவிட்டுத் தன் தோட்டத்துக்குப் போனார். லோட்டார் பின்னாலிருந்து ஆமா ஆமா, ஆமா ஆமா என்று கத்திக்கொண்டே இருந்தார். யாருக்கு என்று தெரியவில்லை.

அந்த வாரம் மார்லீஸ் வீட்டிலிருந்து கிளம்பவே இல்லை. காட்டிக்கொடுத்துவிட்டான் என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். குழி வெட்டியவனே, சாராயம் ஊற்றியவனே தன் பதவி போய்விடும் என்று பயந்து காட்டிக்கொடுத்துவிட்டான். அபராதம் எவ்வளவானாலும் கட்டிவிட்டு வேலியைத் திரும்ப வளர விடப் போவதாகச் சொன்னார். லிகுஸ்டர் அடிவரை வெட்டினாலும் துளிர்க்கும், மூன்று வருஷம் பொறுத்தால் போதும். அபராதம் எவ்வளவு என்று கேட்கத்தான் அடுத்த வாரம் சங்க அலுவலகத்துக்குக் கிளம்பினார். பேச்சுத் துணைக்கு என்னைக் கூப்பிட்டார், இந்த ஊரிலேயே பிறந்தவர், வெளிநாட்டானான என்னை.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மார்லீஸைப் பார்த்தார். எந்தக் கேள்வியும் வரவில்லை என்றார். எந்தப் புகாரும் இல்லை, எந்த வருஷமும் இருந்ததில்லை.

"ஊலிக் அம்மா, மெல்ட்ஸருக்கு இருமல்னு நாங்க நம்பினோம்னா நெனச்சீங்க? இந்தச் சரிவுல இருக்கற அத்தனை பேருக்கும் அந்த வேலி தெரியும். பாக்காம நடக்கப் பழகிட்டோம். எங்களுக்கு இப்ப பிரச்சினை வேற."

பிரச்சினை என்னவென்றால், மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை பறவைகள் கூடு கட்டும் காலம், ஓரம் தட்டலாமே தவிர வேலியைக் குறைத்து வெட்டக் கூடாது. யார் வெட்டியது என்று கேட்டதற்கு ரைனர் நான்தான் என்று எழுந்து நின்றாராம். உயரச் சட்டத்தைக் காப்பாற்றப் பறவைச் சட்டத்தை உடைத்த பொறுப்பாளரை வைத்துக்கொண்டு சங்கம் என்ன செய்யும்? பதவியை எடுத்துவிட்டார்கள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்று தலைவர் ஆச்சரியப்பட்டார்.

திரும்பும்போது மார்லீஸ் என்னை நேராகத் தோட்டத்துக்கு விடச் சொன்னார். பதவிக்காகக் காட்டிக்கொடுத்தவன் பதவியை விட்டுக்கொடுத்திருக்கிறான். வேலியருகே வந்ததும் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு வெட்டுகளைப் பார்க்கத் தொடங்கினார். அன்று கோபத்தில் பார்க்காததை இப்போது விரலால் தடவிப் பார்த்தார்.

ரைனர் வெட்டினால் கயிறு கட்டுவார். இயந்திரக் கத்தரியில் கால் மணி நேர வேலை, மேல்பரப்பு மேஜை மாதிரி இருக்கும். இங்கே ஒரு தண்டு இந்த உயரம், அடுத்தது ஒரு சாண் கீழே. ஒவ்வொன்றும் தனித்தனியாக, ரோஜா வெட்டும் சின்னக் கைக்கத்தரியால், ஒரே தடவையில் வெட்ட முடியாமல் இரண்டு மூன்று தடவை கடித்துக் கடித்து வெட்டியது. தடித்த தண்டுகளின் பட்டை நார் நாராகத் தொங்கியது. சிமெண்டுப் பலகை போட்ட இடத்தில் வேலி தாழ்வாகவும், பாத்தி மேடான இடத்தில் கொஞ்சம் உயரமாகவும் இருந்தது. பாத்தி ஓரத்தில் இரண்டு கோடுகள் ஈர மண்ணில் பதிந்து காய்ந்திருந்தன, சக்கர நாற்காலியின் அகலத்தில். கை எட்டிய உயரம், உட்கார்ந்திருக்கிற ஒருவரின் இடது கை.

மார்லீஸ் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். புது முழங்கால், மடங்கக் கூடாது, நான் பயந்து தூக்கப் போனேன். தள்ளிவிட்டார். பிறகு உரக்க, வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்து, "மெல்ட்ஸர், வாங்க இங்க" என்று கூப்பிட்டார்.

ரைனர் வந்து தன் வேலியோரம் நின்றார். இந்த முறை பொய் சொல்லவில்லை. முதல் வாரம் ஒருநாள், பேண்டு பையன்கள் இரண்டு பேர் வழியில் பேசிக்கொண்டு போயிருக்கிறார்கள். குரல் கேட்டதும் லோட்டார் நாற்காலியிலிருந்து எழ முயன்று, கிளைகளை விலக்கப் போய், வேலிக்குள்ளேயே முகம் குப்புற விழுந்தார். ரைனர் தூக்கி உட்காரவைத்தார், கன்னமெல்லாம் கீறல். வேலி இருக்கட்டுமா என்று கேட்டார். ஆமா ஆமா. வெட்டிடலாமா? ஆமா ஆமா.

"வாயில ஒண்ணும் தெரியல" என்றார் ரைனர். "கை மட்டும் என் பாக்கெட்ல இருந்த கத்தரியத் தேடிச்சு. குடுத்தேன். முதல் நாள் நாலு குச்சி. மறுநாள் வந்ததும் மறுபடி கை நீட்டினான். நான் வெட்டித் தர்றேன்னு சொன்னா கத்துவான். கடைசிவரை அவனேதான். நான் குப்பையத்தான் அள்ளினேன்."

"எனக்கு ஏன் போன் பண்ணல?"

"பண்ணியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்."

"அப்ப அவன் யார்கிட்ட போவான், மார்லீஸ்?"

"என் புருஷன் மனச எனக்கு நீங்க எடுத்துச் சொல்ல வேண்டாம்" என்றார் மார்லீஸ். அந்த 'நீங்க' மட்டும் மாறவில்லை. பொய்யை மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன். உண்மையை ரைனர் முதலில் தெரிந்துகொண்டதை அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் லோட்டாரை அழைத்து வந்து அந்தக் கடித்த தண்டுகளுக்கு முன்னால் நிறுத்தினார். நான் என் கிழங்குப் பாத்தியில் இருந்தேன், போய்விடலாம் என்று எழுந்தேன். "இருப்பா, எங்க போற, இங்கதான் இப்ப எல்லாமே எல்லாருக்கும் தெரியுதே" என்றார். பிறகு கணவரின் பக்கம் திரும்பினார்.

"உனக்கு முகம் துடைச்சது நான். உன் ஈரத்துணிய அலசினது நான். உன்னப் பாத்து ஒருத்தி அழுதான்னு அஞ்சு வருஷம் மண்ணக் கிளறினவ நான். இந்தக் கை இருந்துச்சே, ஒரு தடவை என் கையப் புடிச்சு நிறுத்தியிருக்கலாமே. என்னை ஊருக்கு அனுப்பிட்டு, ஊரான் கைல கத்தரி வாங்கியிருக்க."

லோட்டாரின் இடது கை அவரை நோக்கி நீண்டது. மார்லீஸ் தன் கையைக் கொடுக்கவில்லை. நீட்டிய அந்தக் கையில் கைக்கத்தரியை வைத்தார். லோட்டார் அதை மடியில் போட்டுவிட்டு மறுபடி வெறும் கையை நீட்டினார். ஆமா ஆமா என்றார், மெதுவாக. மார்லீஸ் காபி வைக்க உள்ளே போய்விட்டார்.

வேலியைத் திரும்ப வளர விடும் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை. அக்டோபரில், வெட்ட அனுமதி உள்ள மாதத்தில், ஒன்றேகால் மீட்டரில் கயிறு கட்டி, தண்டுகளின் கிழிசலையெல்லாம் சுத்தமாக வெட்டிச் சீராக்கினார். அடுத்த ஜூனில் எல்லோரோடும் சேர்ந்து நுனி வெட்டினார். துளிர் அடர்த்தியாக வந்திருந்தது, நல்ல வேலைக்காரரின் வேலி. பூ ஒன்றுகூட இல்லை. வர வேண்டாம் என்றதை மார்லீஸ் மறுபடி சொல்லவில்லை; ரைனர் மதியங்களில் பழையபடி வருவார், லோட்டார் அவரைப் பார்த்து மேஜையைத் தட்டுவார். மார்லீஸ் மூன்று காபி கொண்டு வந்து வைப்பார், "சர்க்கரை எடுத்துக்குங்க" என்பார். அவ்வளவுதான் பேச்சு. லோட்டாருக்கு என்றும் இல்லாத நிறம் முகத்தில் வந்திருந்தது. வழியில் போகிற எல்லோரும் நிற்கிறார்கள், எதையாவது சொல்கிறார்கள், அவர் ஆமா ஆமா என்கிறார். அவர்களுக்கு அது போதுமாக இருக்கிறது.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்வரிசையில் புதிதாகத் தோட்டம் எடுத்த இளம் தம்பதி வேலியருகே நின்று தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். லோட்டார் தயிர்க்கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சு சுவாரசியத்தில் அது மோவாயில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. இருவரும் நாசூக்காக முகத்தைத் திருப்பி ஆப்பிள் மரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மார்லீஸ் துண்டோடு வந்தார். நாற்காலியைத் திருப்பவில்லை. அவர்களுக்கு நேராக வைத்தே, வாயை, மோவாயை, கழுத்தை, ஒன்றையும் விடாமல், கொஞ்சம் அழுத்தியே துடைத்தார்.

"மரத்த எதுக்குப் பாக்கறீங்க, இவனப் பாருங்க" என்றார். "இவனுக்கு அதுதான் வேணுமாம்."

துண்டை மடித்து லோட்டாரின் இடது கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். பிறகு தன் மடக்கு நாற்காலியை மட்டும் தூக்கிக்கொண்டு, புது முழங்காலோடு மெதுவாக நடந்து, வழியிலிருந்து யாருக்கும் தெரியாத இடமாகக் குடிலின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.